சிக்கனம் யார் தட்டில்?

"என் துணைவி சிக்கனக்காரி" என்று பெருமை பேசுகிறோம். அந்தச் சிக்கனம் பிறக்கும் இடத்தைப் பார்த்தோமா, தோழர்களே? கூலி வீடு சேருமுன் தேநீர்க்கடைக்கும் பீடிக்கடைக்கும் பங்கு கொடுத்துவிடுகிறோம். மிச்சத்தில் வாடகை, அரிசி, பருப்பு, பள்ளிச் செலவு! துண்டு விழுகிறது. அவள் எதைக் குறைக்கிறாள்? நமது சோற்றையா? பிள்ளையின் பாலையா? இல்லை, தன் கவளத்தை!

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. காரணங்கள் பல, காலித் தட்டும் அதில் ஒன்று. விழுந்த துண்டை அவள் இரத்தமா ஈடுகட்டுவது?

கூலி முழுவதையும் வீட்டில் வைத்து, நம் செலவையும் கணக்கில் எழுதுவோம். முருங்கைக்கீரையும் கடலையும் அவள் தட்டிலும் விழட்டும். ஒன்றாக அமர்ந்து உண்போம். மேடையில் முழங்கும் சமத்துவம், நம் வீட்டுச் சோற்றுப் பானையில் தொடங்கட்டும்!