சாட்சியத்தை யார் சுமப்பது?



நினைவுப் பொழிவில் பொம்மலாட்டம் பற்றி ஏன் பேசுகிறீர்கள் என்று சிலர் கேட்டார்கள். காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் திருவண்ணாமலைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், சாதி வன்கொடுமை குறித்து வீதி நாடகம் போட்டோம். மகனைப் பறிகொடுத்த தாயாக நடித்த தோழர் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். கூட்டமும் அழுதது. முடிந்ததும் சேரியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா அவரிடம் சொன்னார்: “நல்லாத்தான் அழுத கண்ணு. எம்புள்ள செத்தப்போ எனக்கு அழுவையே வரல. வாயடைச்சிப் போயி குந்திங்கினு இருந்தேன்.” பிறர் வலியை மேடையில் சுமப்பது எப்படி என்ற கேள்வி அன்று எங்களைப் பிடித்துக்கொண்டது.

இதே கேள்வியை நிறவெறி ஆண்ட நாட்டில் இரண்டு பொம்மலாட்டக் கலைஞர்கள் எதிர்கொண்டார்கள். தென்னாப்பிரிக்க வெள்ளையர்களான ஏட்ரியன் கோலரும் பேசில் ஜோன்ஸும் கேப் டவுனில் நுண்கலை மாணவர்களாகச் சந்தித்தவர்கள்; வாழ்க்கைத் துணைவர்களும்கூட. 1981இல் வேறு இரு நண்பர்களுடன் சேர்ந்து ஹேண்ட்ஸ்பிரிங் பொம்மலாட்டக் குழுவைத் தொடங்கினார்கள். கோலர் பொம்மைகளை வடிவமைத்துச் செதுக்குபவர். ஜோன்ஸ் குழுவை நடத்தியவர். மரத்துண்டு மேடையில் உயிர் பெறுவது எப்படி என்று எழுதியும் பேசியும் வந்தவர். பொம்மைக்கு முதலில் வேண்டியது மூச்சு என்பது இருவரின் பாடம். ஆட்டுபவர்கள் ஒன்றாக மூச்சுவிட்டால்தான் பொம்மையும் மூச்சுவிடும். 2007இல் லண்டனில் அரங்கேறிய ‘வார் ஹார்ஸ்’ நாடகத்தின் குதிரையை மூவர் சேர்ந்து இயக்கியது இப்படித்தான்.

நமக்கு முக்கியமானது அதற்குப் பத்தாண்டு முந்தைய நாடகம். 1996இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் விசாரணையைத் தொடங்கியது. கொல்லப்பட்டவர்களின் தாய்மார்கள் சாட்சி சொன்னார்கள். மறு ஆண்டே, ஜேன் டெய்லர் எழுத, வில்லியம் கென்ட்ரிட்ஜ் இயக்க, ‘உபுவும் உண்மை ஆணையமும்’ மேடையேறியது. கொடுமை செய்த அதிகாரியும் அவன் மனைவியும் மனித நடிகர்கள். சாட்சிகளோ மரப்பொம்மைகள். ஆவணங்களை விழுங்கி அழிக்க ஒரு முதலைப் பொம்மை.

சாட்சிக்கு ஏன் பொம்மை? நடிகர் அழுதால், அந்தத் தாயின் வலி நடிகரின் திறமையாகிவிடும். பொம்மையை ஆட்டுபவரோ பக்கத்திலேயே கண்ணுக்குத் தெரியும்படி நிற்கிறார். ‘இந்தச் சொல் என்னுடையதல்ல, நான் சுமப்பவன் மட்டுமே’ என்று அந்தக் கை சொல்லிவிடுகிறது. சாட்சி தன் மொழியில் பேச, மொழிபெயர்ப்பு தனியாக வருகிறது.

நம் தோல்பாவைக்கூத்தோடு இதை ஒப்பிடலாம். அங்கே திரைக்குப் பின்னாலிருந்து ஒருவரே பாவைகளை ஆட்டி, எல்லாக் குரலிலும் பேசுவார். அந்தக் கூத்தின் கோமாளி உச்சிக்குடும்பன், அவன் துணை உளுவத்தலையன். குடும்பன் என்பது பள்ளர் மக்களின் ஊர்த்தலைவருக்குரிய பட்டம். ஆட்டும் மண்டிகர்களும் ஊர் ஊராய் அலைந்த எளியவர்களே. அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் யாருடைய பெயரைச் சொல்லி யார் சிரிக்கிறார்கள் என்ற கேள்வியைத் திரை மறைத்துவிடுகிறது.

கோலரும் ஜோன்ஸும் கையை மறைக்கவில்லை. அதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்பதல்ல. கறுப்பரின் துயரத்தை வெள்ளையர் மேடையேற்றலாமா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அதை மறைக்காமல் மேடையிலேயே நிறுத்தியது அவர்களின் நேர்மை. ஒருவர் செதுக்க, மற்றவர் கேள்வி கேட்க, இருவரும் சேர்ந்து மூச்சுவிட்ட கூட்டுழைப்பு அது. நம் குழுக்களிலும் எழுதுபவரைக் கேள்வி கேட்க ஒரு தோழர் வேண்டும்.

எங்கள் நாடகத்தை மாற்றினோம். இப்போது அந்தத் தோழர் அழுவதில்லை. “இது ஒரு தாய் எங்களிடம் சொன்னது, அவர் அனுமதியோடு சொல்கிறோம்” என்று முதலில் அறிவித்துவிட்டு, நின்றபடி அந்தச் சில வரிகளைச் சொல்கிறார். ஒத்திகைக்கு அந்த அம்மாவையே அழைத்தோம். கேட்டுவிட்டு ஒரு சொல்லை மட்டும் திருத்தினார்: “அழுவ வரலன்னு சொல்லாத. அழுவ உடலன்னு சொல்லு.”