பத்து ரூபாய் நாணயமும் பத்து நொடிச் செய்தியும்

நேற்றைய நிகழ்வுகளை இன்று காலை நாளிதழில் படித்து அறிவதே நெடுங்காலமாக நம் வழக்கம். செய்தியாளர் எழுதியதைத் துணையாசிரியர் திருத்துவார். ஆசிரியர் ஒப்புதல் அளிப்பார். அதன் பின்னரே செய்தி அச்சேறும். காலதாமதம் இருந்தது; ஆனால் அந்தத் தாமதத்துக்குள் சரிபார்ப்பும் இருந்தது. இணையம் தாமதத்தை நீக்கிவிட்டது. சரிபார்ப்பு என்னவாயிற்று என்பதே இன்றைய கேள்வி.

இந்திய நாளிதழ்களில் முதன்முதலாக 'தி இந்து' 1995-இல் இணையத்தில் இடம்பெற்றது. 2016-இல் ஜியோ சேவை அறிமுகமானதைத் தொடர்ந்து இணையக் கட்டணம் பெரிதும் குறைந்தது. சிற்றூர்களிலும் கைப்பேசியே செய்தித்தாளாயிற்று. அதே ஆண்டில் பிரிட்டனின் 'தி இண்டிபென்டென்ட்' நாளிதழ் அச்சுப் பதிப்பை நிறுத்திவிட்டு இணையத்தில் மட்டும் வெளிவரத் தொடங்கியது.

வருவாயின் திசை மாற்றம்

நாளிதழுக்கு நாம் தரும் விலை, அதைத் தயாரிக்கும் செலவை ஈடுசெய்வதில்லை. எஞ்சியதை விளம்பரங்களே தாங்கி வந்தன. மணமக்கள் தேவை, வாடகை வீடு, வேலைவாய்ப்பு போன்ற வரி விளம்பரங்கள் இன்று தனித்தனி இணையதளங்களுக்குச் சென்றுவிட்டன. பெருநிறுவன விளம்பரங்களில் கணிசமான பங்கு கூகுள், ஃபேஸ்புக் போன்றவற்றைச் சேர்கிறது. வருவாய் சுருங்கும்போது முதலில் குறைவது செய்தியாளர் எண்ணிக்கையே. நகராட்சிக் கூட்டத்திலும் மாவட்ட நீதிமன்றத்திலும் அமர்ந்து குறிப்பெடுக்க ஆளில்லாமற்போனால், இழப்பு பத்திரிகைக்கு மட்டுமன்று, குடிமக்களுக்கும்தான்.

வதந்தியின் விலை

2016 நவம்பரில் புதிய 2,000 ரூபாய் நோட்டு வெளியானபோது, அதனுள் இருப்பிடம் காட்டும் நுண்சில்லு இருப்பதாக வாட்ஸ்அப்பில் செய்தி பரவியது. சில தொலைக்காட்சிகளும் அதை ஒளிபரப்பின. அப்படி எதுவும் அந்த நோட்டில் இல்லை.

பத்து ரூபாய் நாணயத்தின் கதை இன்னும் நீண்டது. ரூபாய்க் குறியீடு இல்லாத நாணயம் செல்லாது என்ற வதந்தி பரவ, 14 வடிவங்களில் வெளியான பத்து ரூபாய் நாணயங்கள் அனைத்தும் செல்லும் என்று 2018 ஜனவரியில் இந்திய ரிசர்வ் வங்கி அறிவித்தது. அதன் பின்னரும் தமிழகத்தின் பல ஊர்களில் கடைக்காரர்கள் அதை வாங்க மறுத்தனர். வதந்தி பரவ ஒரு நாள் போதும்; அது அகல ஆண்டுகள் ஆகின்றன.

வாசகர் செய்யக்கூடியவை

முன்பு ஆசிரியர் செய்த பணியில் ஒரு பகுதி இப்போது வாசகரின் தோளில் ஏறியுள்ளது.

• பணம், வங்கி, வைப்புத்தொகை பற்றிய செய்தி வந்தால், ரிசர்வ் வங்கியின் இணையதளத்திலோ உங்கள் வங்கிக் கிளையிலோ உறுதிசெய்த பின் செயற்படுங்கள்.
• நாளும் பெயரும் இல்லாத செய்தியை ஐயத்துடன் அணுகுங்கள். பழைய படங்கள் புதியவைபோல் உலவுவதுண்டு.
• மத்திய அரசு தொடர்பான செய்திகளுக்குப் பத்திரிகைத் தகவல் அலுவலகம் 2019 முதல் நடத்திவரும் உண்மை சரிபார்ப்புப் பிரிவை அணுகலாம்.
• 'உடனே பகிருங்கள்' என்று வற்புறுத்தும் செய்தியை உடனே பகிராதீர்கள்.

நம்பகமான செய்தியைத் திரட்ட உழைப்பும் பொருளும் தேவை. நாளிதழாயினும் இணையச் சந்தாவாயினும் அதற்கு நாம் செலுத்தும் சிறு தொகை, செய்தியாளர் ஒருவரைக் களத்தில் நிறுத்துகிறது. இலவசமாக வந்த வதந்தியை நம்பி எடுக்கும் ஒரு தவறான முடிவு, பல ஆண்டுச் சந்தாவினும் அதிக இழப்பைத் தந்துவிடக்கூடும்.