டீசல் டேங்கின் தொண்டை

சரக்கு வண்டிகள் பலவற்றில் டீசல் மூடிக்கும் டேங்குக்கும் நடுவே ஓர் இரும்புக் குழாயும் ரப்பர் ஹோஸும் உண்டு. கூடவே செல்லும் மெல்லிய ஹோஸ், டேங்கிலுள்ள காற்று வெளியேறும் வழி. அது மடங்கினால் பங்க்கில் நாசில் அடிக்கடி 'டக்'கென நின்றுவிடும். குற்றம் பங்க்காரர் மேல் விழும்.

தாம்பரம், முடிச்சூர்ப் பக்கம் ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருப்பது கூடுதல் ஆபத்து. 2015 டிசம்பர் வெள்ளம்போல் தெருவில் நீர் ஏறினால், வெடிப்பு வழியே டேங்குக்குள் தண்ணீர் புகும்.

ஹோஸை மாற்றும்போது டேங்கில் டீசல் குறைவாக இருக்கட்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். ரேடியேட்டர் ஹோஸை வெட்டிப் பொருத்துவது மலிவான தப்பு: அந்த ரப்பர் டீசலில் ஊறி உப்பிவிடும். எரிபொருளுக்கென்றே செய்த ஹோஸ்தான் வேண்டும்.

துரு சுரண்டிய குழாய் முனையில் சற்று மேடான விளிம்பு தெரியும். ஹோஸ் அதைத் தாண்டி ஏற வேண்டும். கிளாம்ப் விளிம்புக்கு அப்பால் உட்கார வேண்டும். விளிம்பின் மேலேயே முடுக்கினால் வழுக்கும், அளவு மீறினால் ரப்பர் அறுபடும். ஹோஸ் எங்கும் தொய்யாமல் டேங்கை நோக்கிச் சரிய வேண்டும், சைலன்சரைத் தொடக் கூடாது. மூடிப்பக்கக் குழாயிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் கம்பியையும் மறக்காமல் மாட்ட வேண்டும். பிறகு டேங்கை நிரப்பி, இணைப்புகளில் கசிவு பார்த்தால் போதும்.