கட்டியை எடுத்தாச்சு, அப்புறம் எதுக்கு கீமோ?

நுரையீரல் புற்றுநோய்க் கட்டியை ஆபரேஷன் பண்ணி முழுசா எடுத்தாச்சு. ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. ஆனாலும் டாக்டர் கீமோ எடுத்துக்கச் சொல்றார். ஏன்? இன்னைக்கு எபிசோட் இதைப் பத்திதான்.

ஸ்கேனுக்கு ஒரு எல்லை இருக்கு. கட்டியிலிருந்து பிரிந்துபோன சில செல்கள் வேறு உறுப்புகள்ல தங்கியிருந்தா அது காட்டாது. பின்னாடி நோய் திரும்புறது பெரும்பாலும் அதுங்களாலதான். கீமோ மருந்து ரத்தம் வழியா உடம்பு முழுக்கப் போகும். அந்த மிச்சத்தை அழிக்கும்னு ஒரு எதிர்பார்ப்பு.

எதிர்பார்ப்பு மட்டும் போதாதே. 1995ல 52 ஆய்வுகளோட தகவல்களைச் சேர்த்து அலசினாங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் கொடுத்த பழைய வகை மருந்துகள் நன்மைக்குப் பதிலா தீமை செய்ததாகத் தெரிந்தது. சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோவில் கொஞ்சம் பலன் தெரிந்தது. ஆனா அது தற்செயலா இருக்கவும் வாய்ப்பு இருந்தது.

அதனால பெரிய ஆய்வு தேவைப்பட்டது. 33 நாடுகள், 1,867 நோயாளிகள். முடிவு 2004ல வந்தது. ஒரு பாதிக்கு சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோ, மறு பாதிக்கு கீமோ இல்லை. யாருக்கு எதுன்னு குலுக்கல் முறையில முடிவாச்சு. நம்ம ஆபீஸ்ல பண்ற ஏ/பி டெஸ்ட் மாதிரி. டாக்டரே தேர்ந்தெடுத்தா, தெம்பா இருக்கிறவங்களுக்குத்தான் கீமோ போகும். அப்புறம் பிழைத்தது மருந்தாலயா, தெம்பாலயான்னு பிரிக்கவே முடியாது.

5 வருஷம் கழித்து உயிரோடு இருந்தவங்க: கீமோ எடுத்தவங்கள்ல 44.5 சதவீதம், எடுக்காதவங்கள்ல 40.4.

அவ்வளவுதானான்னு தோணும். 100 பேரா யோசிங்க. சுமார் 40 பேர் கீமோ இல்லாமலேயே இருந்திருப்பாங்க. சுமார் 55 பேருக்கு கீமோ எடுத்தும் உயிர் தங்கலை. நடுவுல 4 பேர், அவங்களுக்குத்தான் வித்தியாசம். அந்த 4 பேர் யாருன்னு முன்கூட்டியே தெரியாது. அதனால வாந்தி, சோர்வு, கிட்னி பாதிப்பு, காது மந்தம் மாதிரி ஆபத்துகளை 100 பேருமே ஏற்கணும். அந்த ஆய்வில் 0.8 சதவீதம் பேர் கீமோவாலேயே இறந்தாங்க. 44.5ங்கிறது அந்த இழப்பையும் கழிச்ச பிறகு வந்த எண்.

இதே முடிவை "மரண ஆபத்து 14 சதவீதம் குறைவு"ன்னும் சொல்லலாம். ரெண்டுமே சரி. ஆனா 14ஐக் கேட்டா நம்பிக்கை வருது, 4ஐக் கேட்டா சலிப்பு வருது. அதனால எந்தக் கணக்குன்னு முதல்ல கேளுங்க.

இன்னொண்ணு, 4ங்கிறது சராசரி. 2008ல 5 ஆய்வுகள், 4,584 பேர் தகவலைச் சேர்த்துப் பார்த்தப்போ, 2, 3ஆம் நிலைகள்ல பலன் தெளிவா இருந்தது. ரொம்பச் சின்ன கட்டி, அதாவது 1ஏ நிலையில, பலன் தெரியலை. கெடுதல் இருக்கலாம்ங்கிற அறிகுறிகூட இருந்தது.

இப்போ ஜீன் டெஸ்ட் பார்த்துக் கொடுக்கிற மாத்திரை, இம்யூனோதெரபி எல்லாம் வந்தாச்சு. அதுங்களுக்கும் இதே கணக்குதான்.

வீட்டுல யாருக்காவது இந்த நிலைமை வந்தா டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. எந்த நிலை? கீமோ இல்லாம 100ல எத்தனை பேர், கீமோவோட எத்தனை பேர்? கிட்னி, காது, வயசு எல்லாம் பார்த்தா இவங்க உடம்பு தாங்குமா?

அந்த 4 பேர்ல ஒருத்தரா இருக்கிற வாய்ப்புக்காக சிலர் எல்லாத்தையும் தாங்கத் தயாரா இருப்பாங்க. சிலர் வேண்டாம்னுவாங்க. எண்களைப் புரிஞ்சுக்கிட்டு எடுத்த முடிவுன்னா, ரெண்டையும் மதிக்கணும்.