வெறுங்காலால் வென்ற கேடயம்

மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியார் வழியாகக் குன்னூருக்கு ஏறும் மலைப்பாதை, அதற்கப்பால் வெல்லிங்டனை அடைகிறது. நோயுற்ற வெள்ளைச் சிப்பாய்கள் குளிர்ந்த காற்றில் உடல் தேறுவதற்காக ஆங்கிலேயர் அமைத்த பாசறை அது. 1947 முதல் சென்னை ரெஜிமெண்டின் மத்திய ஸ்தானமாக விளங்குகிறது. அப்படைப்பிரிவின் கால்பந்துக் குழு 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது.

இதில் என்ன விசேஷம் என்று நேயர்கள் கேட்கலாம். சென்னை ராஜதானியின் மக்கள் போர்க்குணம் அற்றவர்கள் என்று பிரதம சேனாதிபதியாயிருந்த லார்ட் ராபர்ட்ஸ் கருதினார். அக்கொள்கையினால் சென்னைப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. நம்மவருக்குச் சொன்ன அதே அவச்சொல்லை வங்காளிகளுக்கும் சொன்னார்கள். அவர்கள் பேனா பிடிக்கத்தான் லாயக்கு, மைதானத்தில் நிற்கமாட்டார்கள் என்று துரைமார் ஏளனம் செய்தனர். அந்த ஏளனத்துக்கு 1911-ம் வருஷம் ஜூலை மாதத்தில் கல்கத்தா வாலிபர்கள் அளித்த விடையையே இங்கே சொல்ல விரும்புகிறோம்.

வங்காளத்தில் கால்பந்து பள்ளிக்கூடத்திலும் கலாசாலையிலும் வளர்ந்த பயிர். 1877-ல் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்ற சிறுவர், ஹேர் பள்ளித் தோழர்களுடன் காசு சேர்த்து ஒரு பந்து வாங்கினாராம். அது நீண்டுருண்ட ரக்பி பந்து என்பது அவர்களுக்குத் தெரியவில்லை! அருகிலிருந்த பிரஸிடென்ஸி கலாசாலை ஆசிரியர் ஸ்டாக் என்பவர் சரியான பந்தைக் கொடுத்து ஆட்டத்தையும் கற்பித்தார் என்பர். 1889-ல் மோகன் பகான் சங்கம் தோன்றியது. 1893-ல் தொடங்கிய ஐ.எப்.ஏ. கேடயப் பந்தயத்தில் அதுவரை எந்த இந்தியக் குழுவும் வென்றதில்லை.

1911-ல் அச்சங்கத்துக்காக ஆடியவர்கள் யார்? அபிலாஷ் கோஷ் ஸ்காட்டிஷ் சர்ச்சஸ் கலாசாலை மாணாக்கர். ரெவரெண்ட் சுதீர் சட்டர்ஜி கலாசாலை ஆசிரியர். தலைவர் சிவதாஸ் பாதுரி கால்நடை வைத்திய இலாகா உத்தியோகஸ்தர். மற்றவருள்ளும் மாணாக்கரும் குமாஸ்தாக்களும் இருந்தனர். பதினொருவரில் சுதீர் சட்டர்ஜி ஒருவரே பூட்ஸ் அணிந்தவர். ஏனைய பதின்மரும் வெறுங்காலினர்! எதிரே நின்ற பட்டாளத்தாரோ ஆணி பதித்த கனத்த பூட்ஸ் அணிந்து, நல்ல உணவும் நாள்தோறும் தேகப்பயிற்சியும் பெற்றவர்கள்.

ஜூலை 10-ந் தேதி முதல் ஆட்டம். செயின்ட் சேவியர் கலாசாலைக் குழு மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்றது. 14-ந் தேதி ரேஞ்சர்ஸ் குழு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வீழ்ந்தது. 19-ந் தேதி ரைபிள் பிரிகேட் ஒரு கோலில் தோற்றது. அரையிறுதியில் மிடில்செக்ஸ் பட்டாளத்துடன் 24-ந் தேதி நடந்த ஆட்டம் ஒன்றுக்கொன்று சமமாய் முடிந்தது. இரண்டு நாள் கழித்து மீண்டும் மோதியபோது மோகன் பகான் மூன்று கோல் போட்டது. எதிரிக்கு ஒன்றும் இல்லை.

இதற்குள் வங்காளம் முழுவதும் ஒரே பேச்சாகிவிட்டது. 1905-ல் கர்ஸன் பிரபு வங்கத்தைத் துண்டாடிய புண் இன்னும் ஆறாதிருந்த காலம் அன்றோ? ஜூலை 29-ந் தேதி இறுதி ஆட்டத்துக்கு விசேஷ ரயில்களிலும் நீராவிப் படகுகளிலும் ஜனங்கள் வந்து குவிந்தனர். கூட்டம் 60,000-க்குக் குறையாது என்று மதிப்பிட்டார்கள். மைதானத்தை நெருங்க முடியாதவர்கள் மரங்களில் ஏறினர். தூரத்தில் நின்றவர்களுக்குக் கோல் கணக்கை அறிவிக்கக் காற்றாடிகள் பறக்கவிடப்பட்டன.

எதிரி ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளம். முற்பாதியில் கோல் இல்லை. பிற்பாதியில் ஸார்ஜண்ட் ஜாக்ஸன் முதல் கோலைப் போட்டதும் கூட்டம் ஸ்தம்பித்தது. ஆனால் சிவதாஸ் கலங்கவில்லை; சமன் செய்தார். ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருக்கையில் அவர் தள்ளிக் கொடுத்த பந்தை அபிலாஷ் கோலுக்குள் செலுத்தினார். கேடயம் முதன்முறையாக இந்தியர் கைக்கு வந்தது. ஹிந்துக்களும் முஸ்லிம்களும் வீதிகளில் ஒன்றாக ஆனந்தக் கூத்தாடினர்.

அவ்வருஷம் டிஸம்பரில் வங்கப் பிரிவினை ரத்தாயிற்று. தலைநகர் டில்லிக்கு மாறிற்று. இவற்றுக்குக் கால்பந்தே காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆயினும் ஆளும் இனத்தை நேர்மையான போட்டியில், அவர்கள் வகுத்த விதிப்படியே வெல்ல முடியும் என்ற நம்பிக்கை பிறந்ததே, அது மிகையன்று.

வேறொன்றையும் மறக்கலாகாது. வெறுங்காலின் பெருமையை நாம் அளவுக்கு மீறிக் கொண்டாடினோம். 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிய நம் குழு, பிரான்ஸிடம் இரண்டுக்கு ஒன்று என்று கௌரவமாகவே தோற்றது. 1952-ல் ஹெல்ஸிங்கியில் யுகோஸ்லாவியா பத்து கோல் போட, நாம் போட்டது ஒன்றுதான். அதன் பிறகே பூட்ஸ் அணிவது கட்டாயமாயிற்று. 1911-ன் வாலிபர்களை வெல்ல வைத்தது வெறுங்காலன்று. பயிற்சியும், ஒருவரை ஒருவர் நம்பிப் பந்தைக் கொடுத்த ஒற்றுமையுமே.

மாலையில் பையன் பந்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டால் "படிப்புக் கெட்டுப்போகும்" என்று கதவை மூடும் பெற்றோர் இன்றும் இருக்கின்றனர். அவர்களுக்கு ஆசிரியர்கள் என்ற முறையில் நாம் சொல்வது இதுதான்: அந்தக் கேடயத்தைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் கலாசாலை ஆசிரியர், வெற்றிக் கோலைப் போட்டவர் மாணாக்கர்.