ஸ்பெஷல் டீச்சர் செய்வது உதவி அல்ல... கடமை!

‘‘உங்க பையன் சுத்த சோம்பேறிங்க. மத்த பிள்ளைங்க எழுதி முடிச்சிட்டு விளையாடப் போயாச்சு. இவன் இன்னும் ரெண்டாவது வரியிலேயே நிக்கிறான்!’’

பள்ளிக்கூடத்திலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்தால், எந்தத் தாய்க்கும் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால், அது சோம்பேறித்தனமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எழுத்துகளைப் பிரித்தறிவதில் சிக்கல் தரும் டிஸ்லெக்ஸியாவாக இருக்கலாம். காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம். ஆட்டிசமாகக்கூட இருக்கலாம். இந்தக் குழந்தைகளுக்குத் துணையாக இருக்க வேண்டியவர்கள்தான் சிறப்பு ஆசிரியர்களும் உதவியாளர்களும்.

பெரியபாளையம் பவானியம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டி, ‘பிள்ளைக்குப் பேச்சு வரணும், படிப்பு வரணும்’ என்று நேர்ந்துகொள்ளும் தாய்மார்கள் உண்டு. வேண்டுதல் ஒரு பக்கம் இருக்கட்டும். தலைமையாசிரியர் கையில் ஒரு விண்ணப்பமும் கொடுத்து வையுங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.

யார் இவர்கள்?

அரசுப் பள்ளிகளுக்கு, ஒன்றியந்தோறும் உள்ள வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர்கள் முறை வைத்து வருகிறார்கள். இயன்முறை மருத்துவரும் உண்டு. பெரியபாளையம் வட்டாரத்துப் பள்ளிகள் எல்லாபுரம் ஒன்றியத்தைச் சேர்ந்தவை. பள்ளிக்கு வரவே முடியாத குழந்தைகளுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் ஏற்பாடும் இருக்கிறது. தனியார் பள்ளிகளில் ஸ்பெஷல் டீச்சர், குழந்தை பக்கத்திலேயே உட்காரும் ‘ஷேடோ டீச்சர்’, சாப்பாடு, கழிவறைக்கு உதவும் ஆயா என்று பல பேர்.

சரி, சட்டம் என்ன சொல்லுது?

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. அரசுப் பள்ளி மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியும் இந்தக் குழந்தைகளைப் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும். தனிப்பட்ட உதவி தர வேண்டும். கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டுபிடித்து, அதற்கேற்ற முறையில் பாடம் நடத்த வேண்டும். ‘முதல்ல சர்டிபிகேட் கொண்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்’ என்று பள்ளி கை கழுவ முடியாது. கண்டுபிடிக்க வேண்டியதே பள்ளியின் வேலைதானே! தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், இரண்டாம் மொழியிலிருந்து விலக்கு ஆகியவற்றுக்கும் இதே சட்டம் வழி செய்கிறது.

ஒரே சிறப்பு ஆசிரியர் எத்தனை பேரைத்தான் பார்ப்பார்? 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு கணக்குச் சொன்னது. தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர்.

செய்ய வேண்டியவை... செய்யக் கூடாதவை

பதிவு: சிறப்புக் கல்வியில் தகுதி பெற்று, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால், 1992-ம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ‘‘உங்க பதிவு எண் என்னங்க?’’ என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

அடி, திட்டு: உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. ‘அடங்க மாட்டேங்கிறான்’ என்று நாற்காலியில் கட்டிப்போடுவதற்கும் அறையில் வைத்துப் பூட்டுவதற்கும் யாருக்கும் உரிமை கிடையாது.

அவமானம்: மாற்றுத்திறனாளிக் குழந்தையைப் பலர் முன்னால் வேண்டுமென்றே இழிவுபடுத்தினாலோ, பொறுப்பில் இருந்துகொண்டு தெரிந்தே சாப்பாடு, தண்ணீர் தர மறுத்தாலோ ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. ஆயாவுக்கும் இது பொருந்தும்.

பாலியல் தொல்லை: தன் சிரமத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாத குழந்தைக்கு ஆபத்து அதிகம். சந்தேகம் வந்தாலே போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம். ‘தலைமையாசிரியர்கிட்டே சொல்லிட்டேனே’ என்பதோடு ஊழியரின் கடமை முடியாது. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை நிர்வாகத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை.

மருந்து: வலிப்பு மாத்திரை போன்றவற்றை ஊழியர் தன் இஷ்டத்துக்குக் கொடுக்கக் கூடாது. டாக்டர் சீட்டின் நகலையும், அளவு, நேரம் குறித்த உங்கள் கடிதத்தையும் பள்ளியில் கொடுத்து வையுங்கள்.

ஷேடோ டீச்சரின் சம்பளத்தை நீங்களே கொடுத்தாலும், பள்ளி வளாகத்துக்குள் குழந்தையின் பாதுகாப்புக்குப் பள்ளிதான் பொறுப்பு. ‘அது நீங்க வெச்ச ஆள்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

பெற்றோர் செய்ய வேண்டியது

அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிஃப்ட், அம்மாவுக்கு வீட்டு வேலை. அடிக்கடி பள்ளிக்கு நடக்க நேரமிருக்காது. அதனால், போகிற ஒரு தடவையை உருப்படியாகப் பயன்படுத்துங்கள்.

* வாய்ச்சொல் வேண்டாம். குழந்தையின் சிரமத்தையும் தேவையான உதவியையும் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள்.

* சிறப்பு ஆசிரியர் எந்தெந்த நாளில் வருவார், குழந்தைக்கு இந்த ஆண்டு என்ன இலக்கு என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

* காது, கண் பரிசோதனையை முதலில் முடியுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 40 சதவிகிதமும் அதற்கு மேலும் குறைபாடு என்று சான்று கிடைத்தால், 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள அரசுப் பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு.

* பதில் வராவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலர், அடுத்து திருவள்ளூரில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், அதற்கும் மேலே சென்னையில் மாநில ஆணையர். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தைக்கு ஆபத்து என்றால் உடனே 1098.

இன்னொன்று. ஸ்பெஷல் டீச்சர் உங்கள் எதிரி அல்ல. பல பள்ளிகளுக்கு ஒரே ஆளாக அலைகிறவர்களும் இருக்கிறார்கள். அவர் வேலையைச் செய்யவிடாமல் வேறு வகுப்புக்கு அனுப்புகிறார்களா என்று பாருங்கள். அப்படியானால் உங்கள் விண்ணப்பம் அவருக்கும் சேர்த்துத்தான் பேசும்.