வேளாவதர் புல்வெளியில் குளிர்காலப் பூனைப்பருந்துகள்: கணக்கெடுப்பும் ஒளிப்படச் சான்றும்

முன்னுரை

குஜராத் மாநிலம் பாவ்நகர் மாவட்டத்தில் அமைந்துள்ள வேளாவதர் வெளிமான் தேசியப் பூங்கா, 1976ஆம் ஆண்டு அறிவிக்கப்பெற்றது. ஏறத்தாழ 34 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இப்புல்வெளி, வெளிமான்களுக்கு மட்டுமன்றி, குளிர்காலத்தில் வலசை வரும் பூனைப்பருந்துகளுக்கும் புகழ்பெற்றது. இங்கு ஒருங்கே அடையும் பூனைப்பருந்துகளின் எண்ணிக்கை உலகளவில் மிக உயர்ந்தது என 1998இல் வெளிவந்த ஆய்வுக்கட்டுரை ஒன்று பதிவுசெய்துள்ளது. இப்பறவைகளை அறிய நேரடிக் கணக்கெடுப்பும் ஒளிப்படமும் எவ்வாறு பயன்படுகின்றன, அவற்றின் எல்லைகள் யாவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அடைவிடமும் கணக்கெடுப்பும்

பெரும்பாலான இரைகொல்லிப் பறவைகள் மரங்களிலோ பாறைகளிலோ இரவைக் கழிக்கின்றன. பூனைப்பருந்துகளோ தரையில், உயர்ந்த புல்லிடையே கூட்டமாக அடைகின்றன. பகலில் பரந்த நிலப்பரப்பில் தனித்தனியே இரைதேடும் பறவைகள் மாலையில் ஓரிடத்தில் கூடுவதால், அவற்றை எண்ணுவதற்கு ஏற்ற வேளை அதுவே. பார்வையாளர் பலர் அடைவிடத்தைச் சுற்றி, விலகிய இடங்களில் கதிரவன் மறைவதற்கு ஒரு மணிநேரம் முன்பே அமர்கின்றனர். தத்தம் திசையில் உள்நுழையும் பறவைகளைக் குறித்துக்கொள்கின்றனர். வெளியேறுவனவற்றைக் கழிக்காவிடில் ஒரே பறவை இருமுறை எண்ணப்படும். ஒளி குன்றியபின் வருவனவற்றை ‘இனம் அறியப்படாதவை’ எனப் பதிவதே முறை. ஊகித்து இனப்பெயர் எழுதுவது தரவைக் கெடுக்கும்.

ஒளிப்படம் தரும் சான்று

மாண்டேகு பூனைப்பருந்தின் வளர்ந்த ஆணுக்குச் சாம்பல்நிற மேற்சிறகில் கரும்பட்டை ஒன்று உண்டு. வெளிர்ப் பூனைப்பருந்தின் ஆணுக்கு அப்பட்டை இல்லை. சிறகுநுனியில் குறுகிய கருமை மட்டுமே காணப்படும். ஆண்களைப் பிரித்தறிவது இவ்வாறு எளிது. பெண்களும் இளம்பறவைகளும் பழுப்புநிறத்தில் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் களத்தில் பிழை நேர்கிறது. இவ்விடத்தில்தான் ஒளிப்படம் இன்றியமையாததாகிறது. வெளிர்ப் பூனைப்பருந்தின் இளம்பறவைக்குக் கழுத்தில் தெளிவான வெளிர்வளையம் உண்டு; அதனை அடுத்து அடர்ந்த பழுப்புப்பட்டை அமையும். சிறகின் அடிப்புறப் பட்டைகளும் நுனியில் விரல்போல் பிரியும் இறகுகளின் எண்ணிக்கையும் துணைச்சான்றுகள். தொடர்ச்சியாக எடுத்த பல படங்களில் இவற்றை ஒப்பிட இயலும். ஒற்றைப் படத்தில் சிறகின் சாய்வும் ஒளியும் ஏமாற்றக்கூடும்.

ஒளிப்படத்தின் எல்லை

ஒளிப்படத் தொகுப்புகளைக் கொண்டு ஆண், பெண் விகிதத்தையோ இனங்களின் பெருக்கத்தையோ கணிப்பது பொருந்தாது. வெண்சாம்பல் ஆண்பறவையே ஒளிப்படக் கலைஞரை ஈர்க்கிறது. பழுப்புப்பறவைகள் பல படமாகாமலேயே கடந்துபோகின்றன. ஆகவே தொகுப்பில் மிகுதியாக இருப்பது புல்வெளியிலும் மிகுதி என்று கொள்ள முடியாது. எண்ணிக்கைக்குக் கணக்கெடுப்பும் இன அடையாளத்திற்கு ஒளிப்படமும் எனப் பணியைப் பகுத்துக்கொள்வதே தக்கது.

மேலும், அண்மைப் படத்திற்காக அடைவிடத்தை நெருங்கினால் பறவைகள் எழுந்து, இருளில் வேறிடம் தேட நேரிடும். ஓநாயும் நரியும் திரியும் புல்வெளியில் தரையில் உறங்கும் பறவைக்கு இது சிறு இடர் அன்று. அன்றைய கணக்கும் பயனற்றுப்போகும். எனவே பகலில் இரைதேடும் இடங்களில், வாகனத்தினுள் இருந்தவாறு படமெடுப்பதும் மாலையில் எண்ணுவதோடு நிறுத்திக்கொள்வதும் நலம். படத்துடன் நாள், நேரம், ஒளியின் திசை ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். பாதுகாப்பற்ற அடைவிடங்களின் துல்லிய அமைவிடத்தைப் பொதுவெளியில் தருதல் கூடாது.

முடிவுரை

வெளிர்ப் பூனைப்பருந்து, அச்சுறுத்தலை நெருங்கிய இனமாக உலகளவில் வகைப்படுத்தப்பட்டுள்ளது. புல்வெளிகள் விளைநிலங்களாகவும் கட்டடங்களாகவும் மாறிவரும் சூழலில், இப்பறவைகளின் ஏற்ற இறக்கத்தை அறியப் பல்லாண்டுத் தொடர் கணக்கெடுப்பே அடிப்படையாகும். தமிழ்நாட்டின் கரிசல் நிலங்களுக்கும் பூனைப்பருந்துகள் வலசை வருகின்றன. ‘தரிசு’ என்று ஒதுக்கப்படும் அந்நிலங்களிலும் இம்முறையைப் பின்பற்றினால், அவை யாருக்கு உறைவிடம் என்பதைச் சான்றுடன் நிறுவ இயலும்.